முயல், கினி பிக், லவ் பேர்ட்ஸ்: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒரு முயல்குட்டியின் விலை சில நூறு ரூபாய். ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்து மருத்துவரிடம் கொண்டுபோனால் ஆட்டோ, கட்டணம், ஊசி, மருந்து என்று அதன் விலையைப் போலச் சில மடங்கு ஆகிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்குள் நடப்பதில் பாதி புரிந்துவிடும். பல ஆயிரத்துக்கு விற்கும் நாய்க்குட்டிக்குக் கடைக்காரர் தடுப்பூசி போடுவார், காய்ச்சல் வந்தால் ஓடுவார். முயல்குட்டி சோர்ந்து படுத்தால் அடுத்த லோடில் வேறு குட்டி வந்துவிடும்.

கடைக்காரர்கள் எல்லாரும் இரக்கமில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்தியம் பார்ப்பதைவிட மாற்றிக்கொள்வது மலிவாகிவிட்ட வியாபாரத்தில் நல்ல மனிதரும் மெல்ல அதற்குப் பழகிவிடுகிறார். அப்படிப் பழகாமல், நோய்ப்பட்ட குட்டியைத் தனியே எடுத்துவைத்து மருந்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மதுரையில் ஆனையூர், கூடல்நகர், விளாங்குடி, செல்லூர்ப் பக்கம் இருக்கும் நாம் பிராணி வாங்குவதாக இருந்தால் அப்படிப்பட்டவரிடம்தான் வாங்க வேண்டும். அவரைக் கண்டுபிடிக்கும் வழியை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் நாம் பார்ப்பவை தப்பிப் பிழைத்து வந்தவை. அதற்கு முன்னாலேயே பண்ணை, மொத்த வியாபாரி, பஸ்ஸிலோ வேனிலோ அட்டைப்பெட்டிப் பயணம் எல்லாம் முடிந்திருக்கும். 2009 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டன் நகரில், கடைகளுக்குப் பிராணிகளை அனுப்பிவந்த ஒரு மொத்த வியாபாரக் கிடங்கை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். ஹாம்ஸ்டர், ஓணான், ஆமை, தவளை, சிலந்தி என்று 26,000க்கும் மேற்பட்ட உயிர்கள் உள்ளே இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காடு நோயோடும் காயத்தோடும் செத்தும் கிடந்தன என்று பின்னர் வெளிவந்த ஆய்வு பதிவுசெய்தது. செத்ததும் சாகக்கிடந்ததுமாக வாரத்துக்கு ஏறக்குறைய 3,500 உயிர்களை அங்கே அப்புறப்படுத்தி வந்திருக்கிறார்கள். அங்கிருந்து சரக்கு வாங்கிய கடைகள் வெளியே பளிச்சென்றுதான் இருந்திருக்கும். நம் ஊரில் இந்தத் தொழில் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் பாதை அதுதான். வழியில் பட்ட பாடு, கடைக்கு வந்த நாலைந்து நாளில்தான் நோயாக வெளியே தெரியும். அதனால் "இன்னைக்குத்தான் லோடு வந்துச்சுண்ணே, எல்லாம் ஃப்ரெஷ்ஷு" என்று கடைக்காரர் சொன்னால் அன்றைக்கு வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் போங்கள். அந்த ஒரு வாரத்தைக் கடை எப்படிக் கடத்துகிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள்

பெரும்பாலும் எல்லாரும் சாயங்காலம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு போகிறோம். அப்போது கடை கூட்டித் துடைத்திருக்கும், தண்ணீர் மாற்றியிருக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். கடையின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் சித்திரை, வைகாசியில் மத்தியானம் மூன்று மணிக்குப் போக வேண்டும்.

மதுரையில் அந்த மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். கினி பிக்கும் அப்படித்தான். அதன் முன்னோர்கள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள். நம் பக்கத்துக் கடைகள் பலவும் ஒற்றை ஷட்டர் கடைகள். மேலே தகரம் போட்டிருந்தாலோ முகப்பு மேற்கே பார்த்திருந்தாலோ மூன்று மணி வெயில் நேரே கூண்டில் விழும். அப்போது முயல்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். காலை நீட்டிப் படுத்து, மூக்கு வேகமாகத் துடித்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் அவை தவிக்கின்றன. "தூங்குதுக்கா" என்பார்கள். தூங்குகிற முயலின் மூச்சு நிதானமாக இருக்கும்.

நல்ல கடைக்காரர் இதற்கு ஏதாவது செய்துவைத்திருப்பார். கூண்டின் மேல் ஈரச் சாக்கு, உள்ளே படுத்துக்கொள்ள ஒரு மண்சட்டியோ தரை ஓடோ, வெயில் பக்கம் ஒரு தட்டி. செலவு அதிகமில்லை. குளிர்சாதனம் கேட்க வேண்டியதில்லை. சாக்கை நனைத்துப் போடும் எண்ணம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொன்னால் அவர் ஏற்கெனவே அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்.

அடுத்தது தண்ணீர். பாட்டிலில் தண்ணீர் நிரம்பித் தெரியும். ஆனால் அதன் குழாய் முனையில் இருக்கும் குண்டு அடைத்துப்போயிருந்தால் ஒரு சொட்டும் வராது. அனுமதி கேட்டு விரலால் குண்டை அழுத்திப் பாருங்கள். கிண்ணத்தில் வைத்திருந்தால் உள்ளே புழுக்கை மிதக்கிறதா, ஓரம் வழவழப்பாகப் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மஞ்சளாக இருந்தால் அதில் மருந்துப் பொடி கலந்திருக்கலாம். எந்த நோய்க்கு, யார் சொல்லிக் கலந்தது என்று கேளுங்கள். "சும்மா, நோய் வராம இருக்க" என்று பதில் வந்தால், ஏற்கெனவே நோய் வந்த கூண்டு அது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பிறகு குனியுங்கள். நின்றபடி பார்க்கிற நமக்கு வாடை அவ்வளவாகத் தெரியாது. முயலின் மூக்கு தரையோடு இருக்கிறது. முகத்தைக் கூண்டின் அடித்தட்டு உயரத்துக்குக் கொண்டுபோனதும் கண் எரிந்தால், மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா அது. அதை நாள் முழுக்கச் சுவாசிக்கிற பிராணிக்குச் சளியும் நுரையீரல் நோயும் வராமல் இருந்தால்தான் அதிசயம். தரை வெறும் கம்பி வலையாக இருந்தால் பின்னங்கால் அடிப்பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல மெத்தை கிடையாது, மயிர்தான். கம்பியில் நின்று நின்று மயிர் உதிர்ந்து புண்ணாகியிருக்கும். பாதி இடத்திலாவது பலகையோ சாக்கோ விரித்திருக்க வேண்டும்.

ஒரே கூண்டில் முயலும் கினி பிக்கும் இருந்தால் அந்தக் கடையில் கினி பிக் வாங்காதீர்கள். போர்டெடெல்லா என்ற கிருமி முயலின் மூச்சுக்குழாயில் எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கும். அதுவே கினி பிக்குக்குத் தொற்றினால் நிமோனியாவாகிக் கொன்றுவிடும். பார்க்க அழகாக இருக்கிறது என்று சேர்த்து விடுகிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, தெரியாமல்தான் செய்கிறார்கள். தெரியாமல் உயிர் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முயல்

நம் ஊரில் அதிகம் ஏமாறுவது முயல் விஷயத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைகளில் விற்கும் வெள்ளை முயல்கள் பலவும் இறைச்சிக்காகப் பெருக்கிய இனங்களின் வழிவந்தவை. நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ஜயண்ட், சாம்பல் நிறத்தில் சோவியத் சின்சில்லா. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. முயல் வளர்ப்புக்குத் தமிழ்நாட்டில் பேர்போன இடம். அங்கே குளிர் உண்டு. அதே வகை முயலைத்தான் நாம் ஆனையூர் மொட்டைமாடிக்குக் கொண்டுவருகிறோம். வளர்ந்தால் நாலு, ஐந்து கிலோ வரும். "இது குட்டை ரகம் சார், இவ்வளவுதான் இருக்கும்" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். அது குட்டை ரகம் இல்லை, வயது குறைந்த குட்டி.

முயல்குட்டி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்றாவது வாரம் கூட்டைவிட்டு வெளியே வரும். நாலாவது வாரத்தில் பார்க்க மிக அழகாக இருக்கும், புல்லையும் கொறிக்கும். அதனால் பால் மறந்துவிட்டது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் ஆறு வாரமாவது தாய்ப்பால் வேண்டும். எட்டு வாரம் ஆன குட்டியை வாங்குவதே நல்லது. பால் குடிக்கும் குட்டியின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் இன்னும் நிலைபெற்றிருக்காது. நாலு வாரத்தில் பிரித்து, பயணத்தில் அலைக்கழித்து, கடையில் முட்டைக்கோசும் கேரட்டும் போட்டால் வயிற்றுப்போக்கு வரும். காக்சிடியோசிஸ் என்கிற குடல் நோயும் இந்த வயதில்தான் அள்ளிக்கொண்டு போகும். "வாங்கி மூணு நாள்ல செத்துப்போச்சு" என்று நம் தெருக்களில் கேட்கிற கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வயதே காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளை கை பட்டுச் செத்தது, நாய் பார்த்துப் பயந்து செத்தது என்றெல்லாம் வீட்டில் பழி போடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவாவது இதைச் சொல்ல வேண்டும்.

இறைச்சி இனத்து முயல் எட்டு வாரத்தில் ஒரு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கடையில் சின்னத் தராசு இருந்தால் நிறுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைக் குட்டியை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

வயது சரியாக இருந்தால் உடம்பைப் பாருங்கள். பின்பக்கம் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். முன்னங்காலின் உள்பக்கம் மயிர் சடைபிடித்திருந்தால், மூக்கு ஒழுகி அதைக் காலாலேயே துடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சளி நோய். காதுக்குள் பழுப்பாகப் பொருக்கு தட்டியிருந்தால் காதுச் சிரங்கு, ஒருவகை உண்ணியால் வருவது. முன்பற்கள் மேல்வரிசை கீழ்வரிசையை லேசாக மூடியபடி நேராக இருக்கின்றனவா என்று உதட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும். கோணலாக இருந்தால் தேயாது, பிறகு தின்ன முடியாது. கடைக்காரர் முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பின்பக்கத்துக்குக் கை கொடுக்காமல் தூக்கினால் முயல் உதறும். அந்த உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும்.

"சோடியா எடுத்துக்கங்க, ஒத்தையா இருந்தா ஏங்கிப்போகும்" என்பதும் வழக்கமான பேச்சு. முயலுக்குத் துணை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குட்டியில் ஆண் பெண் பிரித்துப் பார்ப்பது கடினம். நாலு மாதத்தில் இனவிருத்திக்குத் தயாராகிவிடும், 31 நாளில் குட்டி போடும், போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகும். ஒரு வருடத்தில் உங்கள் வீட்டு மாடி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பெண் முயல்களை உறுதியாகப் பிரித்துத் தரத் தெரிந்த கடைக்காரரிடம் வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டில் முயல் பெருகித் திண்டாடுகிறவர்கள் எந்தத் தெருவிலும் ஒருவராவது இருப்பார்கள்; அவர்களிடம் வளர்ந்த முயலாகவே கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் சிறந்தது. முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழும். வாங்குகிற பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை அது வீட்டில் இருக்கும்.

மற்றவை

கினி பிக்குக்கு மனிதரைப் போலவே வைட்டமின் சி உடம்பில் உற்பத்தியாகாது. தினமும் உணவில் வர வேண்டும். கடையில் கோழித்தீவனமும் முயல் தீவனமும் மட்டும் போட்டு வைத்திருந்தால் அவை ஸ்கர்வியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. நடக்கத் தயங்குவது, மூட்டு வீங்குவது, மயிர் சிலிர்த்து நிற்பது அதன் அறிகுறிகள். கூண்டில் குடைமிளகாய்த் துண்டோ, கொத்தமல்லித் தழையோ, ஒரு துண்டு கொய்யாவோ கிடந்தால் அந்தக் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கடையில் ஆணும் பெண்ணும் கலந்து கிடந்திருந்தால் நீங்கள் வாங்கும் பெண் சினையாகவே வரலாம். சினைக்காலம் இரண்டு மாதத்துக்கு மேல் என்பதால் வீட்டுக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் தெரியும். தனியாக வாங்க வேண்டாம், ஒரே பாலாக இரண்டு வாங்குங்கள். சுவிட்சர்லாந்தில் கினி பிக்கை ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று 2008 முதல் சட்டமே உண்டு.

ஹாம்ஸ்டர் இதற்கு நேர் எதிர். சிரியன் ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனியாகத்தான் இருக்க வேண்டும். கடைகளில் பத்து இருபதை ஒரே தொட்டியில் போட்டு வைப்பதால் காது கிழிந்து, முதுகில் கடிபட்டு நிற்கும். அது இரவில் விழிக்கும் பிராணி. பகலில் நமக்குக் காட்டுவதற்காகத் தட்டி எழுப்புவார்கள். எழுந்த வேகத்தில் கடிக்கும். வால் பக்கம் ஈரமாக இருந்தால் தொடவே வேண்டாம். வெட் டெயில் என்கிற அந்தக் குடல் நோயில் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும், பக்கத்தில் இருப்பவற்றுக்கும் பரவும். அது நன்றாக வாழ்ந்தாலே இரண்டு, மூன்று வருடம்தான்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். பறவை தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். அதனால் ஆள் கிட்டே வராதபோது பார்க்க வேண்டும். கடைக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். இறகை உப்பிக்கொண்டு, கண் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும் பறவை நோயாளி. நெற்றியில் மூக்குத்திட்டு வரை கோடு கோடாக இருந்தால் அது மூன்று நாலு மாதத்துக்கு உட்பட்ட இளம் பறவை. பழக்க ஏற்ற வயது. எல்லாம் ஒரே பருமனில் வழவழ பிளாஸ்டிக் குச்சியாக இருந்தால் காலில் புண் வரும். கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் செருகி வைத்திருக்கிற கடை அக்கறையான கடை. தினை மட்டும் தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும். கீரை போடும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். கம்பியில் ஒரு கடல் நுரைத் துண்டு சொருகியிருந்தால் நல்லது. சுண்ணாம்புச் சத்து அதிலிருந்து கிடைக்கும். அதை நாட்டு மருந்துக் கடையில் நீங்களே வாங்கலாம். தினை மூட்டையாக வேண்டுமானால் கீழமாசி வீதிக்குப் போங்கள்.

கலர் கோழிக்குஞ்சைப் பற்றி நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: வாங்காதீர்கள். முட்டைக் கோழி பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுக்குப் பயனில்லை. அவைதான் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் ஏற்றப்பட்டு, கோடை விடுமுறையிலும் திருவிழாக் கூட்டத்திலும் கூடையில் வருகின்றன. ஒரு நாள் குஞ்சுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி வெப்பம் இரவும் பகலும் வேண்டும். தாயின் சிறகுக்குள் கிடைக்கிற சூடு அது. வீட்டில் அட்டைப்பெட்டியில் நொய் தூவி வைத்தால் பெரும்பாலானவை வாரம் தாண்டாது. தெரியாமல் வாங்கி வந்துவிட்டால் மேலே ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டு, குஞ்சுத் தீவனமும் ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள்.

மீனைப் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே ஒரு வரி மட்டும்: ஃபைட்டர் மீனை பிளாஸ்டிக் டம்ளரில் அடுக்கி வைத்திருக்கும் கடையில், டம்ளர்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது என்று கேளுங்கள்.

ஆமைக்குட்டி விற்றால் கண்ணுக்குப் பின்னால் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக்காது ஆமை. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் விற்பது 30 சென்டிமீட்டர் வரை வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும். சால்மொனெல்லா கிருமியைப் பிள்ளைகளுக்குப் பரப்புகிறது என்பதற்காக அமெரிக்காவே 1975ல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. வளர்ந்தபின் தொட்டி போதாமல் கண்மாயிலும் தெப்பக்குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். அங்கே நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். ஆனையூர்க் கண்மாயில் அதை விடுவது புண்ணியம் ஆகாது. சிவப்புக் கோடு இல்லையென்றால் அது நம் நாட்டு ஆமையாக இருக்கலாம். அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

கடைக்காரரிடம் பேசுவது

விசாரணை மாதிரி கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "அண்ணே, இது எங்கிருந்து வருது, எத்தனை வாரக் குட்டி, கடைசியா எப்ப செத்துச்சு?" என்று சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் ஆளைப் புரிந்துகொள்ளலாம். "நம்ம கடைல சாவே இல்லக்கா" என்பவரை நம்பாதீர்கள். சின்னப் பிராணி விற்கும் எந்தக் கடையிலும் சாவு இருக்கும். "போன லோடுல ஏழு போச்சு, அந்தப் பண்ணையை விட்டுட்டேன்" என்று சொல்பவர் கணக்கு வைத்திருக்கிறார், காரணம் தேடியிருக்கிறார்.

உடம்பு சரியில்லாதவற்றை எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். கடைக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த இடத்தில், துணி போட்ட தனிக் கூண்டு ஒன்று இருந்தால் மனநிறைவோடு வாங்கலாம். பல கடைகளில் நோய்ப்பட்டது கூட்டத்தோடு கிடக்கும். அல்லது இருக்கவே இருக்காது, எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

விற்க மறுக்கிறாரா என்பதும் ஒரு சோதனை. "பிள்ளைக்கு ஆறு வயசுதான், நாள் முழுக்கத் தூக்கி வச்சிருப்பான்" என்று சொல்லிப் பாருங்கள். அப்படியானால் ஹாம்ஸ்டர் வேண்டாம் என்று தடுக்கிற கடைக்காரருக்கு உங்கள் பணத்தைவிட அந்தப் பிராணி பெரிது. அவரிடமே தீவனமும் தொடர்ந்து வாங்குங்கள். அவர் கடை நடக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

2015ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 261ஆவது அறிக்கையில், செல்லப்பிராணிக் கடைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு செல்லப்பிராணிக் கடை விதிகளை அறிவித்தது. நாய், பூனை, முயல், கினி பிக், ஹாம்ஸ்டர், எலி, சுண்டெலி வகை, கூண்டுப் பறவை விற்கும் எந்தக் கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். சான்றிதழைக் கடையில் எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். கூண்டு அளவுக்கு அட்டவணை உண்டு. வந்தது, விற்றது, செத்தது எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் விற்கக் கூடாது. ஆனையூர் 2011ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் கடை உரிமம் தருவது மாநகராட்சி. அந்த உரிமம் வேறு, வாரியப் பதிவு வேறு. உரிமத்தைக் காட்டி "எல்லாம் இருக்கு" என்றால் வாரியச் சான்றிதழையும் கேளுங்கள். ஒரு கடைக்குள் போய் அதைக் கேட்கிற வாடிக்கையாளர் மாதத்துக்கு நாலு பேர் வந்தாலே சான்றிதழ் வாங்கும் எண்ணம் தானாக வரும்.

ஏனென்றால் தண்டனைக்குப் பயந்து யாரும் மாறப் போவதில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு முந்தைய ஐம்பது ரூபாய் அது. இன்றைக்கு ஒரு முயல்குட்டியின் விலைகூட இல்லை. இதை மாற்றாமல் வைத்திருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

பச்சைக்கிளி விஷயத்தில் சட்டம் கடுமையானது. மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே கிளிகளை வைத்து வளர்த்தார்கள். கிளி நம் ஊரோடு ஒட்டியது என்பதால் அதை வளர்ப்பது தப்பு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மரப்பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சுகளாக எடுத்து வருகிறார்கள். பெட்டி திறக்கும்போது பாதி செத்திருக்கும். சில்லை, நட்சத்திர ஆமை, காட்டு முயல் குட்டி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். "உள்ள இருக்கு, வேணும்னா காட்டுறேன்" என்று ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தினால் வெளியே வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கன் கிரே, சன் கோனூர், பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிர்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்; கடைக்காரர் பதிவுத் தாள் தராமல் விற்றால் சிக்கல் உங்கள் வீட்டுக்கு வரும். பட்ஜெரிகருக்கும் காக்கட்டீலுக்கும் அது தேவையில்லை.

பாவம் பார்த்து வாங்காதீர்கள்

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மூலையில் ஒரு கண் ஒட்டிய முயல்குட்டி நிற்கும். இதை இங்கேயே விட்டால் செத்துவிடும், நாமாவது எடுத்துப் போவோம் என்று தோன்றும். எடுத்துப் போனால் அந்த ஒன்று பிழைக்கலாம். ஆனால் கடைக்காரரின் கணக்கில் நோய்ப்பட்ட குட்டியும் விற்றுவிட்டது. பண்ணைக்காரரிடம் அடுத்த லோடையும் அப்படியே வாங்குவார். மருந்து கொடுக்கச் சொல்லுங்கள், நாலு நாள் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், போய்ப் பாருங்கள். மருத்துவச் செலவில் பாதியை நான் தருகிறேன் என்றுகூடச் சொல்லலாம். வாங்காமல் உதவ முடியும். கடை முழுக்கவே மோசமாக இருந்தால் நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு நகல் போகட்டும். மனு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் பத்து நாள்

காலை ஒன்பது மணிக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். டூவீலரில் முன்னால் வெயில்படத் தொங்கவிடாமல் பின்னால் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். கடையில் தின்ற அதே தீவனத்தைக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். அதையே முதல் நாலைந்து நாள் கொடுத்து, மெல்ல மெல்லப் புல்லுக்கு மாற்றுங்கள். முயலுக்கும் கினி பிக்குக்கும் உணவில் பெரும்பங்கு புல்தான் இருக்க வேண்டும். அருகம்புல்லோ கோ-4 தீவனப்புல்லோ அலசி நிழலில் உலர்த்திக் கொடுங்கள். கேரட் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு.

வீட்டில் ஏற்கெனவே பிராணி இருந்தால் புதியதைப் பத்து நாளாவது வேறு அறையில் வையுங்கள், பழையதைக் கவனித்தபின் புதியதிடம் போங்கள். உங்கள் கையிலோ பிள்ளைகள் கையிலோ வட்டமாக அரிப்பு வந்தால் படர்தாமரை. பிராணிக்கும் சேர்த்து வைத்தியம் வேண்டும்.

ஒரு முயல் அரை நாளுக்கு மேல் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வெயில் தாக்கி மூச்சு வாங்கினால் காதை ஈரத்துணியால் நனையுங்கள், காற்றாடி போடுங்கள், ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின் சிரப்பை வாங்கி ஊற்றவே கூடாது. முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் மூன்றுக்கும் அது வாய்வழி போனால் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம்.

மருத்துவரைப் பிராணி வாங்கும் முன்பே தேடிவையுங்கள். மாடு, ஆடு, நாய் பார்க்கிறவர்கள் நிறைய உண்டு. அதனால் "முயல், பறவை பார்ப்பீங்களா சார்?" என்று போனில் கேட்டு, பார்ப்பவரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கை மீறினால் தேனியிலும் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பத்து நாளுக்குள் பிராணி செத்துப்போனால் பில்லோடு கடைக்குப் போங்கள். பணம் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேறு குட்டி தருகிறேன் என்றால் உடனே வாங்கிவராதீர்கள். எந்தத் தேதியில் வாங்கியது, எத்தனையாவது நாள் செத்தது, என்ன அறிகுறி என்று சொல்லி அவருடைய பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதே லோடில் வந்த மற்ற குட்டிகள் அப்போதும் கூண்டில் இருக்கும். அவற்றை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பதிவேடே இல்லை என்றால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.